உபுண்டு மேம்படுத்திய பிறகு பிஎச்பி மாட்யூல் ஏறவில்லை, சகாய நிதிக் கணக்கு திறக்க மறுக்கிறது

சுங்கை_சிப்புட்_கிராணி எழுதியது (ஞாயிறு, இரவு 9:40)

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் கிராணியாக (கணக்கெழுதும் குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதத் தெரியும், பேரேடு எழுதத் தெரியும். கம்ப்யூட்டர் வேலை ஓய்வுக்குப் பிறகு தொற்றிக்கொண்டது. ஆகவே பதில் சொல்கிறவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மரண சகாய நிதி ஒன்று நடக்கிறது. லயங்களை இடித்து அந்த இடத்திலும் செம்பனை நட்டுவிட்டார்கள். ஜனங்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, சிதறிவிட்டார்கள். நிதியை மட்டும் யாரும் விடவில்லை. 312 குடும்பம், மாதம் ஐந்து வெள்ளி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே 1500 வெள்ளி கையில் கொடுத்துவிட வேண்டும். பெட்டி வாங்கப் போகிறவனிடம் நாளைக்கு வா என்று சொல்ல முடியுமா? மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி இருந்தால் தொகை கிடையாது என்று விதி இருப்பதால், கணக்கைத் திறந்து பார்க்காமல் கொடுக்கவும் முடியாது.

இந்தக் கணக்கை எங்கள் லயத்துப் பையன் ஒருவன் 2012-ல் பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்தான். 2020-ல் எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) சமயம் சிங்கப்பூருக்குத் திரும்ப முடியாமல் ஊரில் மாட்டிக்கொண்டபோது, கோயில் ஆபீஸ் அறையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 20.04 (கம்ப்யூட்டரை ஓட்டும் சிஸ்டம்), அப்பாச்சி (பக்கங்களைப் பிரவுசருக்குக் கொடுக்கும் சர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்) எல்லாம் போட்டு, புரோகிராமையும் கொஞ்சம் திருத்தி வைத்துவிட்டுப் போனான். நாலு ஜிபி ராம். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது அவனுக்குக் கல்யாணமாகி இரட்டைக் குழந்தை. கூப்பிட்டால் பின்னால் அழுகைச் சத்தம்தான் கேட்கிறது, அதனால் நான் கூப்பிடுவதில்லை.

20.04-க்கு இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. மேம்படுத்து, மேம்படுத்து என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. நேற்று நல்ல மழை, கோயிலில் யாரும் இல்லை. சரி என்று அழுத்திவிட்டேன். 22.04 வந்தது, கணக்கு போனது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கட்டளைகளைக் காதில் விழுகிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன், என் போனில் ஆங்கிலத்துக்கு மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமையில்லை.

முதலில் அப்பாச்சி எழுந்திருக்கவே இல்லை. மாட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரில் உள்ள பிஎச்பி7.4.லோட் ஃபைலின் மூன்றாவது வரியில், லிப்பிஎச்பி7.4.எஸ்ஓ என்ற ஃபைலை ஏற்ற முடியவில்லை, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. தேடிப் பார்த்து "சூடோ ஏ2டிஸ்மாட் பிஎச்பி7.4" என்று கொடுத்தேன். அப்பாச்சி எழுந்துவிட்டது. ஆனால் பிரவுசரில் கணக்குக்குப் பதிலாகப் பையன் எழுதிய கோடு அப்படியே வந்தது. சில பக்கங்கள் திறக்காமல் டவுன்லோடு ஆகின. ஒரு பக்கத்தில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் ஒரு வீடியோ பார்த்தேன். அப்பாச்சி வேலை செய்யும் முறைகளில் ப்ரீஃபோர்க் பழசு, ஈவென்ட்தான் வேகம் என்று அதில் சொன்னதை நம்பி எம்பிஎம்_ப்ரீஃபோர்க்கை அணைத்து எம்பிஎம்_ஈவென்ட்டைப் போட்டேன். அதன் பிறகு "சூடோ ஏ2என்மாட் பிஎச்பி8.1" கொடுத்தால், எம்பிஎம்_ஈவென்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டும் முட்டுகிறது, முதலில் அதை அணை என்று மறுக்கிறது. வேகம் வேண்டும் என்று அதைப் போட்டதே நான்தான். இப்போது எதை அணைப்பது, எதைப் போடுவது?

உறுப்பினர் ஒருவர் ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சொல்லக்கூடாதுதான், ஆனாலும் கிராணி புத்தி அந்தப் பக்கமே போகிறது.

---

ஈப்போ_இரவுப்பணி எழுதியது (ஞாயிறு, இரவு 10:25)

ஐயா வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் "சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் அப்பாச்சி2" கொடுத்து சர்வரை நிறுத்துங்கள். பிஎச்பி மாட்யூல் இல்லாதபோது அப்பாச்சிக்கு அந்த ஃபைல் வெறும் எழுத்துதான், கேட்டவருக்கெல்லாம் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். கோயில் வைஃபைக்கு வெளியிலிருந்தும் இந்தக் கணக்கைத் திறக்க வழி வைத்திருக்கிறீர்களா? எப்படி இருந்தாலும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இனி உங்கள் முடிச்சுக்கு வருவோம். இதில் தப்பு மூன்று இடத்தில் இல்லை, ஒரே இடத்தில்தான்.

மேம்படுத்தும்போது 7.4 மாட்யூலை உபுண்டு எடுத்துவிட்டது, ஆனால் அதை ஏற்றச் சொல்லும் லோட் ஃபைல் மட்டும் நின்றுவிட்டது. ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் செக்ரோலில் பெயர் இருக்கிற மாதிரி. காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயரைக் கூப்பிட்டால் யாரும் வரவில்லை, அப்பாச்சி அங்கேயே நின்றுவிட்டது. 20.04-லிருந்து 22.04-க்கு வந்தவர்களில் பலருக்கு இதே கதைதான். 7.4-ஐ அணைத்தது சரி. அதோடு உடனே 8.1-ஐப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நடுவில் அந்த வீடியோ வந்துவிட்டது.

அப்பாச்சி வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் முறைக்குத்தான் எம்பிஎம் என்று பெயர். என் தாத்தா பால் மரம் வெட்டியவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். ப்ரீஃபோர்க் என்றால் ஆளுக்கு ஒரு நிரை, ஆளுக்கு ஒரு உளி, ஆளுக்கு ஒரு வாளி. ஒருவன் வாளியைக் கவிழ்த்தாலும் அடுத்தவன் பால் சிந்தாது. ஈவென்ட் என்றால் நாலைந்து பேர் ஒரே வாளியில் ஊற்றுவது. ஆள் செலவு, இடம் எல்லாம் மிச்சம், ஆனால் எல்லோரும் பழகினவர்களாக இருக்க வேண்டும். உபுண்டு கொடுக்கும் பிஎச்பி மாட்யூல் அப்படிப் பொது வாளியில் ஊற்றுவதற்காகக் கட்டப்பட்டது இல்லை. த்ரெட்-சேஃப் இல்லை என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அதனால் அதற்கு ப்ரீஃபோர்க் கட்டாயம்.

ஆக, இந்த வரிசையில் தட்டுங்கள்:

சூடோ ஏ2டிஸ்மாட் எம்பிஎம்_ஈவென்ட்
சூடோ ஏ2என்மாட் எம்பிஎம்_ப்ரீஃபோர்க்
சூடோ ஏ2என்மாட் பிஎச்பி8.1
சூடோ அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்

கடைசி வரிக்கு "சின்டாக்ஸ் ஓகே" என்று பதில் வந்தால் மட்டும் அப்பாச்சியை ஸ்டார்ட் செய்யுங்கள். வேறு எது வந்தாலும் ஒரு எழுத்து விடாமல் இங்கே போடுங்கள். பிஎச்பி8.1 என்ற மாட்யூலே இல்லை என்று சொன்னால் லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி என்ற பொட்டலத்தை ஆப்ட் மூலம் போட்டுக்கொள்ளுங்கள்.

---

மதுரை_லினக்ஸ் எழுதியது (திங்கள், காலை 7:10)

ஈப்போ நண்பர் சொன்னது வேலை செய்யும். ஆனால் இன்றைய தேதியில் ஒருவரை மறுபடி ப்ரீஃபோர்க்குக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. ஈவென்ட் அப்படியே இருக்கட்டும், பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓடவிடலாம். பிஎச்பி8.1-எஃப்பிஎம் பொட்டலத்தைப் போட்டு, "ஏ2என்மாட் ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ செட்என்விஃப்", "ஏ2என்கான்ஃப் பிஎச்பி8.1-எஃப்பிஎம்" என்று இரண்டு வரி கொடுத்தால் முடிந்தது. படம், ஸ்டைல் ஃபைல் கேட்டு வருகிறவருக்காகக்கூட பிஎச்பியைச் சுமந்த பெரிய புராசஸ் ஒன்று எழுந்து நிற்க வேண்டியதில்லை. ராம் மிச்சம். எச்டிடிபி/2 வேண்டுமென்றாலும் ப்ரீஃபோர்க்கில் கிடைக்காது, அந்த மாட்யூலே மறுத்துவிடும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. 503 என்ற எரர் வந்தால், அப்பாச்சியும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் சாக்கெட் ஃபைலின் பெயரைப் பாருங்கள். /ரன்/பிஎச்பி/ ஃபோல்டரில் 8.1 சாக்கெட் இருக்கும், அப்பாச்சியின் கான்ஃபிக்கில் யாரோ 7.4 என்று எழுதி வைத்திருப்பார்கள். 500 வந்தால், அந்த ஃபோல்டருக்கான அப்பாச்சி விதிகள் இருக்கும் .எச்டிஆக்சஸ் ஃபைலில் பிஎச்பி_வேல்யூ என்று தொடங்கும் வரி இருக்கும். அது மாட்யூலின் பாஷை, எஃப்பிஎம் வழியில் போகும்போது அப்பாச்சிக்குப் புரியாது.

---

ஈப்போ_இரவுப்பணி எழுதியது (திங்கள், காலை 7:32)

மதுரை அண்ணே, புதிதாகக் கட்டுகிற சர்வர் என்றால் நானும் எஃப்பிஎம்தான் போடுவேன். இங்கே கணக்குப் பார்ப்பது மொத்தம் நாலு பேர், அதில் இரண்டு பேர் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறவர்கள். இதற்கு என்ன வேகம் வேண்டிக் கிடக்கிறது? நேற்றுவரை ஓடிய வழிக்கு முதலில் திரும்பிவிட்டால், இனிமேல் வருகிற தகராறு எல்லாம் 8.1 கொண்டுவந்தது என்று தெளிவாகத் தெரியும். வழியையும் மாற்றி வெர்ஷனையும் மாற்றினால் எந்தத் தப்பு எதனால் என்று யார் பிரிப்பது?

---

மதுரை_லினக்ஸ் எழுதியது (திங்கள், காலை 7:50)

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக ஒத்துக்கொள்கிறேன்.

---

சுங்கை_சிப்புட்_கிராணி எழுதியது (திங்கள், மதியம் 1:15)

இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி சொன்ன நாலு வரியையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தட்டினேன். சின்டாக்ஸ் ஓகே. அப்பாச்சி எழுந்தது. பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். வெளியிலிருந்து திறக்க வழி இல்லை, கோயில் வைஃபைக்குள் மட்டும்தான். ஆனால் போன ஆடிப்பூரத்து அன்னதானத்தில் அந்த வைஃபை பாஸ்வேர்டை மைக்கிலேயே சொல்லிவிட்டோம். அதையும் மாற்றினேன். பூசாரிக்குக் கோபம், அவருக்கு வீடியோ கால் நின்றுவிட்டதாம்.

இப்போதைய நிலவரம்:

ஒன்று, முதல் பக்கம் வருகிறது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனால் வெள்ளைத் திரை. எரர் லாகில் "மைஎஸ்க்யூஎல்ஐ என்ற கிளாஸ் இல்லை" என்று இருக்கிறது.

இரண்டு, ரசீது அடிக்கும் பக்கம் மட்டும் இன்னும் கோடாகவே வருகிறது. மற்ற பக்கங்கள் வராவிட்டாலும் கோடாகத் தெரியவில்லை, இது மட்டும் தெரிகிறது. மாட்யூல் ஏறிவிட்டது என்றால் எல்லாப் பக்கத்துக்கும்தானே ஏற வேண்டும்? இதுதான் எனக்குப் புரியவில்லை.

---

ஈப்போ_இரவுப்பணி எழுதியது (திங்கள், மாலை 6:05)

ஐயா, இப்போதுதான் எழுந்தேன்.

முதலாவது சுலபம். பையன் 2020-ல் போட்ட துணை மாட்யூல்களை வெர்ஷன் நம்பரோடு போட்டிருக்கிறான், பிஎச்பி7.4-மைஎஸ்க்யூஎல் என்பதுபோல. நம்பர் இல்லாமல் போட்டிருந்தால் மேம்படுத்தும்போது 8.1-ம் கூடவே வந்திருக்கும். "டிபிகேஜி -எல்" கொடுத்து அதில் பிஎச்பி7.4 என்று வருகிற வரிகளை மட்டும் எடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் 7.4 இருக்கும் இடத்தில் 8.1 என்று மாற்றி ஆப்ட்டில் போடுங்கள். மைஎஸ்க்யூஎல், எம்பிஸ்ட்ரிங், ஜிடி, எக்ஸ்எம்எல் இந்த நாலும் நிச்சயம் இருக்கும். ஜேசன் மட்டும் பட்டியலில் வந்தால் விட்டுவிடுங்கள், பிஎச்பி 8-ல் அது உள்ளேயே சேர்ந்துவிட்டது, தனிப் பொட்டலம் இல்லை. போட்டு முடித்ததும் அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அதற்குத் தெரியாது.

இரண்டாவதுக்கு அந்த ரசீது ஃபைலைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். மற்ற ஃபைல்கள் <? குறிக்குப் பின்னால் பிஎச்பி என்ற மூன்று எழுத்தோடு தொடங்கும். இது வெறும் <? என்று தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 2012-ல் எழுதியதில் அப்படிச் சுருக்கி எழுதுவது வழக்கம். பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில் ஷார்ட்_ஓப்பன்_டேக் என்ற வரி ஆஃப் என்று இருந்தால் அதைப் பிஎச்பி என்றே மாட்யூல் எடுத்துக்கொள்ளாது. 7.4-ன் ஐஎன்ஐயில் பையன் ஆன் செய்திருப்பான். 8.1-க்குத் தனி ஃபோல்டர், தனி ஐஎன்ஐ. பழைய திருத்தம் எதுவும் கூட வராது.

---

சுங்கை_சிப்புட்_கிராணி எழுதியது (திங்கள், இரவு 10:50)

தம்பி, நீங்கள் நேரில் பார்த்தது மாதிரி சொல்கிறீர்கள். வெறும் <? தான்.

ஆனால் ஐஎன்ஐயில் ஆன் செய்து மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தும் மாறவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். நாலு ஜிபி ராம் எழுந்து வர நேரமாகும், அதற்குள் வெளியே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் கோடுதான். டெர்மினலில் "பிஎச்பி -ஐ" கொடுத்துப் பார்த்தால் ஷார்ட்_ஓப்பன்_டேக் ஆன் என்று சத்தியம் செய்கிறது. பிரவுசர் கேட்கவில்லை. யார் பொய் சொல்கிறார்கள்?

---

மதுரை_லினக்ஸ் எழுதியது (திங்கள், இரவு 11:20)

ஐயா, இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், இரண்டு பேரும் வேறு வேறு ஏட்டைப் பார்க்கிறார்கள். நீங்கள் திருத்தியது /ஈடிசி/பிஎச்பி/8.1/சிஎல்ஐ/ ஃபோல்டரில் இருக்கும் ஐஎன்ஐ. அது டெர்மினலுக்கு மட்டும். அப்பாச்சி படிப்பது /ஈடிசி/பிஎச்பி/8.1/அப்பாச்சி2/ ஃபோல்டரில் இருப்பதை. எஃப்பிஎம் போட்டால் அதற்கு இன்னொன்று.

எந்த ஏடு என்று சந்தேகம் வந்தால், பிஎச்பிஇன்ஃபோ() என்ற ஒரே வரி உள்ள ஃபைலை வைத்து பிரவுசரில் திறங்கள். மேலே "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" என்ற வரியில் எந்த ஐஎன்ஐ என்று முழுப் பாதையோடு இருக்கும். பார்த்து முடித்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். நான் ஒரு தடவை அழிக்க மறந்து, எட்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒருவர் அதைக் காட்டிச் சிரித்தார்.

நேரம் கிடைக்கும்போது அந்த <? எல்லாவற்றையும் முழுசாக எழுதிவிடுங்கள், அடுத்த மேம்பாட்டில் மறுபடி இதே தொல்லை வேண்டாம். <?= என்று சமக்குறியோடு இருப்பதைத் தொட வேண்டியதில்லை, 5.4-லிருந்து அது எப்போதும் வேலை செய்யும்.

---

சுங்கை_சிப்புட்_கிராணி எழுதியது (செவ்வாய், காலை 11:30)

ரசீது வந்துவிட்டது! தவறான ஏட்டில் பதிவு போட்டுவிட்டு கூட்டல் தப்பாக வருகிறது என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன். இந்தத் தப்புக்கு என் காலத்தில் சின்னக் கிராணி பையன்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

ஆனால் ரசீதில் பெயர் உடைகிறது. முனியம்மாள் என்று இருக்க வேண்டிய இடத்தில் "முனியம", அதற்குப் பின்னால் ஒரு கறுப்பு வைரக்கட்டிக்குள் கேள்விக்குறி. சின்னப் பெயர்கள் சரியாக வருகின்றன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு துணை மாட்யூல்களைப் போடும்போது எம்பிஸ்ட்ரிங்கை விட்டுவிட்டேன். எம்பி_சப்ஸ்ட்ர் என்ற ஃபங்ஷன் இல்லை என்று எரர் வந்தது. எங்கோ படித்ததை நம்பி அந்த வரியில் முன்னால் இருந்த "எம்பி_" என்பதை அழித்துவிட்டேன். எரர் போய்விட்டது. பெயரும் போய்விட்டது.

இன்னொன்று, சிஜில் மாத்தியை (மரணச் சான்றிதழை) ஸ்கேன் செய்து ஏற்றும் பக்கம் 2 எம்பிக்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது. முன்பு 5 எம்பியெல்லாம் வாங்கியது.

---

பீடோங்_ஆசிரியை எழுதியது (செவ்வாய், மதியம் 3:45)

ஐயா, வணக்கம். பள்ளியில் மாணவர் பட்டியலை வைத்து நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவள், அதனால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முனியம்மாள் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து: மு, னி, ய, ம், மா, ள். யூனிகோடில் உகரக் குறி, இகரக் குறி, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி, ஆகவே பதினொன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 33 பைட். உங்கள் ரசீது பெயரை இருபதில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்பி_சப்ஸ்ட்ர் குறியை எண்ணும். பதினொன்றுதானே, முழுப் பெயரும் வந்துவிடும். "எம்பி_" இல்லாத சப்ஸ்ட்ர் பைட்டை எண்ணும். பதினெட்டு பைட்டில் ம, உகரக் குறி, ன, இகரக் குறி, ய, ம என்று ஆறு குறி முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு பைட். அடுத்து வரும் புள்ளிக்கோ மூன்று வேண்டும். அந்த அரைகுறைப் புள்ளிதான் உங்கள் கறுப்பு வைரம்.

எம்பிஸ்ட்ரிங்கைப் போட்டு, அழித்ததைத் திரும்ப எழுதுங்கள். எம்பி_சப்ஸ்ட்ரும் புள்ளிக்கு முன்னால் வெட்டிவிடும் நேரம் உண்டு, ம் என்பது ம ஆகிவிடும். அதுவும் கூடாது என்றால் பிஎச்பி8.1-இன்டிஎல் போட்டு கிராஃபீம்_சப்ஸ்ட்ர் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தலாம், அது நாம் எண்ணுகிற மாதிரி மு, னி என்றே எண்ணும். செத்தவர் பெயரை ரசீதில் அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது, ஐயா.

---

ஈப்போ_இரவுப்பணி எழுதியது (செவ்வாய், மாலை 6:20)

டீச்சர் சொன்ன பிறகு பெயரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

2 எம்பி விஷயம்: .எச்டிஆக்சஸ் ஃபைலில் "இஃப்மாட்யூல் மாட்_பிஎச்பி7.சி" என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்குள் அப்லோடு_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 5 எம்பியோ எட்டோ என்று எழுதியிருக்கும். பிஎச்பி 8-லிருந்து மாட்யூலின் பெயரில் எண்ணை எடுத்துவிட்டார்கள், வெறும் மாட்_பிஎச்பி.சி. பெயர் பொருந்தாததால் அந்தக் கட்டம் முழுவதையும் அப்பாச்சி சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. எரர்கூட எழுதாது. எண்ணை மட்டும் அழித்துவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பிஎச்பிக்குத் தானாக வரும் அளவு 2 எம்பிதான், அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

---

சுங்கை_சிப்புட்_கிராணி எழுதியது (புதன், மதியம் 2:10)

பெயர் முழுசாக வருகிறது. கிராஃபீம் வைத்தே போட்டுவிட்டேன். சிஜில் மாத்தியும் ஏறுகிறது. டீச்சருக்குத் தனி நன்றி, புள்ளிக்கு மூன்று பைட் என்பதை நேற்று இரவு என் மனைவியிடம் சொன்னேன், இதுவரை அவள் பதில் சொல்லவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை, இதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. எரர் எதுவும் இல்லை. எல்லாப் பக்கமும் வருகிறது. ஆனால் கணக்கு தப்பு.

போன மாதம் பாக்கிப் பட்டியல் அச்சடித்து ஃபைலில் வைத்திருந்தேன், 19 பேர். இன்று அதே மாதத்தை அடித்தால் 60 பேர் வருகிறார்கள். அதில் கோயில் தலைவர் பெயரும் இருக்கிறது. நான் கம்ப்யூட்டரை நம்பினாலும் பேரேட்டை விடாதவன். இத்தனை வருடமும் கையாலும் எழுதி வருகிறேன். என் அப்பா 1960-ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி கட்டிய ரசீதைச் சாகும்வரை டின்னில் வைத்திருந்தவர், அந்தப் பழக்கம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து 60 பெயரையும் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினேன். புதிதாக வந்த 41 பேரில் முதல் முப்பதைப் பார்த்தாகிவிட்டது, அத்தனை பேரும் சந்தாவை முழுசாகக் கட்டியவர்கள்.

அவர்களுக்குள் ஒரு ஒற்றுமை. பாக்கி இல்லாதவர்களுக்கு டேட்டாபேஸில் பாக்கி என்ற இடத்தில் சிலருக்கு 0 இருக்கிறது, சிலருக்கு வெறுமையாக இருக்கிறது. 2015 வரை பூச்சியம் அடிக்கச் சோம்பல்பட்டு நான் வெறுமையாக விட்டேன். இந்த முப்பது பேரும் வெறுமையாக விடப்பட்டவர்கள்.

---

மதுரை_லினக்ஸ் எழுதியது (புதன், மாலை 4:35)

ஐயா, பாதிக் கிணறு நீங்களே தாண்டிவிட்டீர்கள். மாட்யூல் சரியாகத்தான் ஓடுகிறது, பாஷைதான் மாறிவிட்டது.

பையன் எழுதியதில் "$பாக்கி == 0 என்றால் கட்டியவர்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பிஎச்பி 7 வரை வெறுமையான சரத்தையும் 0-வையும் == போட்டு ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று சொல்லும். வெறுமையை எண்ணாக மாற்றிப் பார்க்கும், பூச்சியம் வரும், சமம். 8.0-ல் இதைத் தலைகீழாக்கினார்கள். எண்ணாக மாற்ற முடியாத சரம் என்றால், 0-வை "0" என்ற எழுத்தாக மாற்றி ஒப்பிடும். "0" வேறு, வெறுமை வேறு. சமம் இல்லை. ஆகவே கட்டியவரெல்லாம் கடன்காரர். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது.

புரோகிராமில் ஒப்பிடும் இடத்தில் $பாக்கிக்கு முன்னால் (இன்ட்) என்று சேர்த்தால் வெறுமை மறுபடி 0 ஆகிவிடும். சென் கணக்கும் இருந்தால் (ஃப்ளோட்). அதைவிட நல்லது, டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, வெறுமையாக உள்ள இடத்தில் எல்லாம் 0 போட்டு, அந்த நெடுவரிசையையே எண் வகைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டையும் செய்யுங்கள். இதே மாதிரி == 0 வேறு எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள், ஒரு இடத்தில் இருந்தால் நாலு இடத்தில் இருக்கும்.

பேரேடு இல்லாமல் இருந்திருந்தால் 41 வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கும்.

---

சுங்கை_சிப்புட்_கிராணி எழுதியது (வியாழன், காலை 10:05)

அஞ்சு இடத்தில் இருந்தது. பிரதி எடுத்து, திருத்தி, வெறுமையெல்லாம் பூச்சியமாக்கி, நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு பட்டியலை மறுபடி அடித்தேன். கடைசியில் பேரேட்டோடு பெயர் பெயராகப் பொருந்துகிறது. சிங்கப்பூர்ப் பையனுக்கும் வாட்சாப்பில் ஒரு வரி போட்டேன். கட்டைவிரல் ஒன்று வந்தது, கூடவே இரண்டு குழந்தைகளின் படம்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெரியவர் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். மதியம் கடைத்தெருவில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், என்னைக் கண்டதும் கிராணியாரே கணக்கு சரியாகிவிட்டதா என்று அவரே கேட்டார். ஊரே பேசியிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பட்டியலில் 19 பேர்தான் வர வேண்டும், 20 வந்தது. கூடுதலாக நின்றது தலைவர் பெயர். இன்னும் ஒரு == 0 எங்கோ ஒளிந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. அப்புறம் பேரேட்டைத் திறந்தேன். அவர் நாலு மாதமாகக் கட்டவில்லை. போன மாதப் பட்டியலில் அவர் பெயரை நானே பேனாவால் அடித்துவிட்டு, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். இன்று மாலை பூசைக்கு வருவார், ரசீதுப் புத்தகத்தோடு வாசலிலேயே நிற்கப் போகிறேன்.